மானமும் மழைக் கோட்டும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழியை நம்மவர் எடுத்ததற்கெல்லாம் எடுத்துக் கூறுவர். ஆனால் அந்த ஆடைப் பாதி யாருக்காக என்று கேட்பவர் மிகச் சிலரே. பார்ப்பவர் கண்ணுக்காகவா, உடுப்பவர் உடலுக்காகவா என்னும் இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு நமக்கு அறுபது வயதும், கடல் கடந்த ஒரு பிரயாணமும், உடன்பிறந்தான் ஒருவனுடைய காய்ச்சலும் வேண்டியிருந்தன. அவ்விடை நம்மோடு மடிந்து போகாதிருத்தல் நலமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

வெயிலும் புழுக்கமும் மாறாத இந்நாட்டில் இருந்துகொண்டு, குதிரை வைத்திருப்போர் அணியும் குளிர்க் கோட்டைப் பற்றிப் பேசுவது என்ன விந்தை என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம். அந்தக் கோட்டின் கதையில் நம் தோட்டத்துப் பால்மரமும் இருக்கின்றது.

நம் பாட்டனார் துரைமாரின் வண்டிக் குதிரைகளைப் பராமரித்தவர். நம் தந்தையார் சிங்கப்பூர்ப் புக்கித் தீமா பந்தயத் திடலில் 'சைஸ்' வேலை பார்த்தவர். 1842-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பந்தயச் சங்கம் 1933-இல் புக்கித் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் இடம் பெயர்ந்து, 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி ஓய்ந்துவிட்டது. நம் தாயாரோ மணமாகும்வரை ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். நம் தம்பி இளமையிலேயே லாயத்து மணத்தில் வளர்ந்தவன். அவன் இங்கிலாந்து சென்று, யார்க்ஷயர்ப் பகுதியில் மிடில்ஹாம் என்னும் சிற்றூரில் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒரு லாயத்தில் அமர்ந்து, அங்கேயே மணம் புரிந்துகொண்டு தங்கிவிட்டான். வேலையினின்றும் விலகியபின், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு முதிய குதிரையைத் தன் சேமிப்பைக் கொண்டு விலைக்கு வாங்கினான்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நாம் அவனைக் காணச் சென்றபோது, அவன் முதலில் நம்மை வீட்டுக்குள் அழைத்துச் செல்லவில்லை. லாயத்துக்கே அழைத்துச் சென்றான். "அண்ணா, இது நம் குதிரை" என்றான். பிறர் குதிரையின் கடிவாளத்தையே பிடித்து வந்த குடும்பத்தில் தன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்த முதல் ஆள் அவன். அந்நேரத்தில் நம் உள்ளம் பூரித்தது. பூரித்த உள்ளம் அறிவை மறைத்தது என்பதையும் மறையாமல் சொல்ல வேண்டும்.

அவன் உடம்பில் இருந்ததோ முழங்கையில் ஒட்டுப்போட்டு, நிறம் மங்கி, மெழுகு நாற்றம் வீசும் ஒரு பழைய கோட்டு. நமக்கு அது பொறுக்கவில்லை. "குதிரைக்கு உடையவன் குதிரைக்காரனைப்போல் உடுப்பதா? ஊரார் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டோம். அவன் சிரித்தான்; ஆயினும் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை. மறுநாளே பக்கத்து நகரில் ஒரு பெரிய துணிக் கடைக்குச் சென்று, கணுக்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி ஒன்றை 240 பவுன் கொடுத்து நாமே வாங்கிக் கொடுத்தோம். "இது எந்த மழையையும் தாங்குமா?" என்று கேட்டோம். "தாங்கும், ஐயா" என்றார் விற்பனையாளர். அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியின் முன் தம்பி நின்றபோது, அவனிடத்தில் நாம் சிறு வயதில் கண்ட துரையின் சாயலே நமக்குத் தெரிந்தது. நாம் விலை கொடுத்து வாங்கியது கோட்டை அன்று, அந்தச் சாயலைத்தான்.

மூன்றாம் நாள் நம் தவறு வெளிப்பட்டது. அந்நாட்டில் ஜனவரித் தொடக்கத்தில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மூன்று மணிக்குப் பனி கலந்த மழை காற்றோடு வீசத் தொடங்கிற்று. மேய்ச்சல் நிலத்தில் நின்ற குதிரையைப் பிடித்துவரத் தம்பி புதுக் கோட்டை அணிந்து புறப்பட்டான். நாம் வேலியோரத்தில் நின்று பார்த்திருந்தோம். அவன் குதிரையைக் கயிற்றில் பிடித்துத் திரும்பும் தறுவாயில், காற்று அந்த நீண்ட அங்கியின் மடிப்பைப் பாய்போல் விரித்துக் குதிரையின் கண்ணெதிரே வீசிற்று. அது மிரண்டு துள்ளியது. கயிறு அவன் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. உள்ளங்கைத் தோல் உரிந்தும் அவன் கயிற்றை விடவில்லை. அது அவன் தொழிலறிவு. அரை மணி நேரம் மழையில் நின்று, பேச்சுக் கொடுத்துக் குதிரையைச் சாந்தப்படுத்தி, லாயம் சேர்த்து, உடல் துடைத்துப் போர்வை போர்த்திய பின்னரே அவன் வீடு வந்தான். அதற்குள் அக்கோட்டு நீரை உறிஞ்சி அவன் தோளை அழுத்தியிருந்தது. இரண்டு நாள் அடுப்பருகே தொங்கவிட்டும் அது உலரவில்லை. தம்பியோ நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தான்.

அந்நான்கு நாளும் குதிரையைக் கவனிக்கும் கடமை நம்மைச் சேர்ந்தது. நாம் எதை அணிந்தோம் என்று நினைக்கின்றீர்கள்? நாம் இகழ்ந்த அதே பழைய மெழுகுக் கோட்டைத்தான். விடியற்காலை இருளில் நீர்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைத்தோம், சாணம் வாரினோம், உலர்புல் கட்டுகளைச் சுமந்தோம். வேலை கற்பிப்பதுபோல் வேறு எந்த ஆசானும் கற்பிப்பதில்லை. கடைக் கண்ணாடி சொல்லாத பலவற்றை அந்த லாயம் நமக்குச் சொல்லிற்று.

முதலாவது, குதிரையே நமக்கு ஓர் ஆசானாயிற்று. கோடை கழிந்து பகற்பொழுது குறையத் தொடங்கியவுடன் குதிரையின் உடலில் குளிர்கால மயிர் முளைக்கத் தொடங்குகின்றது. குளிர் உறைக்கும்போது அம்மயிர் நிமிர்ந்து நின்று, தன்னிடையே காற்றைச் சிறைப்படுத்துகின்றது. அந்தச் சிறைப்பட்ட காற்றுத்தான் வெப்பத்தைக் காக்கின்றது. மழையில் நனைந்து மயிர் படிந்துவிட்டாலோ காற்று வெளியேறிவிடுகின்றது, குதிரை நடுங்குகின்றது. மனிதன் கோட்டுக்கும் இதே நியாயந்தான். நம்மைச் சூடாக வைப்பது துணியன்று, துணிக்குள் அடங்கிய காற்று. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திச் செல்ல வல்லது. ஆகவே குளிர்க் கோட்டுக்குச் சூடு ஒரு கண்ணென்றால், மழை புகாமை மற்றொரு கண். ஒன்று போனாலும் பார்வை கெடும்.

கம்பளியை நாம் குறை கூறவில்லை. அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஓரளவு சூடு தரும் அரிய பொருள். உள்ளாடையாகவோ, உள்ளே அணியும் பின்னலாடையாகவோ அதற்கு நிகர் அரிது. அதனை மழைக்கு முன்னே நிறுத்தியது நம் பேதைமை. பறவையின் மென்சிறகு அடைத்த கோட்டும் அப்படியே: உலர்ந்திருக்கும்வரை அரசு; நனைந்தால் சிறகு சுருண்டு, வெறும் பையாகிவிடும். லாயத்தின் ஈரத்துக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்த கோட்டே ஏற்றது. பருத்தியைத் தோலோடு ஒட்ட அணிவது கூடாது; வியர்வையை உண்டு அது உடம்பைக் குளிரச் செய்யும்.

இரண்டாவது, வெளி நீர் புகாதிருப்பது மட்டும் போதாது. உள் வியர்வை வெளியேறவும் வேண்டும். சாணம் வாருபவன் குளிரிலும் வியர்க்கின்றான் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம். நீராவிக்கு வழியில்லாத கோட்டை அணிந்தவன், மழையில் நனையாமல் தன் வியர்வையிலேயே நனைவான்.

இங்கேதான் நம் தோட்டத்துக் கதை வருகின்றது. 1823-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து இரசாயனியாகிய சார்ல்ஸ் மக்கின்டாஷ் என்பவர், நிலக்கரித் தாரினின்று எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே அதனைப் பூசி, மழை புகாத துணியைச் செய்து உரிமம் பெற்றார். அதனாலேயே மழைக் கோட்டுக்கு அவர் பெயரே பெயராயிற்று. அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துக் காய்ச்சி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குச் சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் உரிமம் பெற்ற பின்னரே அக்குறை நீங்கிற்று. 1876-இல் விக்காம் என்பவர் பிரேசிலினின்று ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன் பின் நிகழ்ந்தது நம் மக்கள் அனைவரும் அறிந்தது. காடுகள் அழிந்தன, கித்தாத் தோட்டங்கள் எழுந்தன, கப்பல் கப்பலாக நம்மவர் வந்து இறங்கினர்.

சீமைத்துரை மழையில் நனையாதிருக்க வேண்டிய ரப்பரை வெட்டி எடுத்தவர்களுக்கு மழைக் கோட்டு இருந்ததா? நம் தாயார் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடிவந்ததைப் பலமுறை சொல்லியிருக்கின்றார். மழை பெய்தால் கோப்பையில் நீர் நிறைந்து பால் கெடும். பால் கெட்டால் அன்றைய கூலி கெடும். அவர்களுக்கு மழை உடம்பையும் நனைத்தது, வயிற்றையும் நனைத்தது. தந்தையாரோ, நாம் சிறுவனாக லாயத்துக்குச் சோறு கொண்டு சென்ற ஒரு நாள், கொட்டும் மழையில் இரண்டு குதிரைகளைப் பிடித்து நின்றார். குதிரைகளின் முதுகில் போர்வை இருந்தது. குதிரைக்கு உடையவர் உடம்பில் ரப்பர்க் கோட்டு இருந்தது. தந்தையார் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அக்காட்சியை மறக்கத்தான் நாம் தம்பிக்குத் துரையின் கோட்டை வாங்கினோம் போலும். ஆனால் துரையின் சாயலை அணிந்துகொள்வதால் தந்தையார் நனைந்தது இல்லையென்று ஆகிவிடுமா? வேலை செய்யும் கைக்கு வெட்கப்பட்டு, வேலை செய்யாதவன் உடையைத் தேடுவது, உயர்வு தாழ்வு பேசும் பழைய நோயின் மற்றொரு முகமே அன்றோ! சாதிச் செருக்கைக் கண்டித்துப் பேசும் நாமே அந்நோயை 240 பவுன் கொடுத்து வாங்கி வந்தோம்.

தம்பி தேறியபின் இருவரும் மறுபடி கோட்டு வாங்கப் புறப்பட்டோம். இம்முறை சென்றது சேணமும் தீவனமும் விற்கும் ஒரு சிறு கடைக்கு. அங்கிருந்த முதிய மாது நம்மை நோக்கி, "எவ்வளவு செலவிடுவீர்கள்?" என்று கேட்கவில்லை. "இதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்வீர்கள்?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. அவர் கூறியவற்றையும், நாம் பட்டறிந்தவற்றையும் சேர்த்து, குளிர் நாடுகளில் படிக்கவும் பிழைக்கவும் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு இங்கே கூறுகின்றோம்.

துணியின் சீட்டில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். துணியின்மேல் நீரைக் கம்பம்போல் நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரம்வரை ஒழுகாமல் தாங்கும் என்று அளப்பது வழக்கம். 1,500 தாங்கினாலே மழை புகாதது என்று விற்பதுண்டு. ஆயினும் சேணத்தில் அமரும் அழுத்தத்துக்கும், நாள் முழுவதும் பெய்யும் மழைக்கும் 10,000-க்குக் குறையாதது நலம். 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டர்த் துணி வழியே எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது மற்றோர் எண். அதுவும் குறைந்தது 5,000 இருக்க வேண்டும். கடும் உழைப்பாளிக்கு 10,000 வேண்டும். துணி நல்லதாயிருந்தும் தையல் துளை வழியே மழை புகும். ஆகையால் கோட்டை உட்புறம் திருப்பி, தையல்களின்மேல் நாடா ஒட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தல் அவசியம்.

பின்னர் வடிவம். நின்று வேலை செய்பவனுக்குத் தொடையை மறைக்கும் நீளம் வேண்டும். ஆனால் நம் கம்பளி அங்கிபோல் காற்றில் பறக்கக் கூடாது. ஏறி அமர்பவனுக்குப் பின்புறம் பிளவும், அப்பிளவை மூடும் மடிப்பும், கீழிருந்தும் திறக்கக்கூடிய ஜிப்பும் வேண்டும். இல்லையேல் கோட்டு மார்பில் ஏறிக் கழுத்தை நெரிக்கும். தலைக்கவசத்தோடு ஒத்துவராத முக்காடு கழற்றத்தக்கதாயிருக்க வேண்டும். தொங்கும் கயிறுகள் ஆகா. கொக்கியில் மாட்டினால் ஆபத்து. ஒட்டுப்பட்டையில் புல் சிக்கும். அதைப் பிரிக்கும் 'சர்ர்' என்னும் ஓசைக்குக் குதிரை மிரளும். வெளிப்புறம் வழவழப்பாயிருந்தால் மயிரும் புல்லும் ஒட்டா. கையுறையோடு திறக்கத்தக்க ஜிப்பும், ஆழமான பைகளும், மணிக்கட்டில் காற்றை அடைக்கும் பின்னல் வளையமும் இருத்தல் நலம்.

கடையிலேயே சோதிக்கவும் வேண்டும். தடித்த பின்னலாடைக்குமேல் அணிந்து, கையை உயர்த்தி, குனிந்து குளம்பைத் தூக்குவதுபோல் பாவித்து, நாற்காலியில் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்; காய்ச்சல் வந்தால் அவர் வந்து கஞ்சி வைக்கப் போவதில்லை.

சாலையில் குதிரை நடத்துவோருக்கு ஒளி காட்டும் பட்டை உயிருக்கே காப்பு. பிரிட்டிஷ் சாலை விதிகளில் 2022-இல் செய்த திருத்தப்படி, மோட்டார் ஓட்டுவோர் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேற்படாமலும், குறைந்தது 2 மீட்டர் விலகியும் செல்ல வேண்டும். விதி இருந்தென்ன, குளிர்கால மாலை மங்கலில் ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரிந்தாலன்றோ விலகுவான்!

இனிப் பராமரிப்பு. மெழுகுக் கோட்டை இயந்திரத்தில் துவைத்தல் கூடாது. குளிர்ந்த நீரால் துடைத்து, ஆண்டுக்கொரு முறை மெழுகு பூச வேண்டும். நவீனத் துணிக் கோட்டுக்குத் துணி மென்மையாக்கும் திரவம் பகை. மேற்பரப்பில் நீர் முத்து முத்தாக உருளாமல் படியத் தொடங்கினால், நீர் விலக்கும் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். அப்பூச்சுகள் சிலவற்றில் நெடுங்காலம் அழியாமல் மண்ணிலும் நீரிலும் தங்கும் இரசாயனங்கள் உண்டு. பிரான்சு நாடு 2025-இல் இயற்றிய சட்டம் அவ்வகைப் பூச்சுள்ள உடைகளுக்கு 2026 தொடக்கத்தினின்று தடை விதிக்கின்றது. மேயும் நிலத்தையும் குடிக்கும் நீரையும் எண்ணுபவர் அவை இல்லாத பூச்சைக் கேட்டு வாங்கலாம்.

இவ்வாறு பார்த்துத் தெரிந்த கோட்டின் விலை 130 பவுன். கரும்பச்சை நிறம், அழகென்று சொல்வதற்கில்லை. தம்பி அதனை அணிந்து குனிந்தான், நிமிர்ந்தான், அமர்ந்தான். "இதுதான், அண்ணா" என்றான். நாம் பணத்தை எடுத்தோம். அவன் நம் கையைப் பிடித்து நிறுத்தி, தன் பையினின்று பணம் எடுத்து, அதே தரத்தில் சற்றுச் சிறிய கோட்டு ஒன்றையும் கேட்டான். "யாருக்கு?" என்றோம். சனிக்கிழமைதோறும் லாயத்தைக் கூட்ட வரும் பதினேழு வயதுப் பையனுக்கு என்றான். அவன் ஊதியத்துக்கு வேலை செய்பவனாயிற்றே, அவனுக்கென்று கோட்டு இராதா என்று கேட்டோம். தம்பி சிறிது நேரம் பேசவில்லை.

"அப்பா நனைந்தார், அண்ணா" என்றான்.

அதற்கு நம்மிடம் விடையில்லை. துரையின் கோட்டை அணிந்தால் துரையாகலாம் என்று நாம் எண்ணினோம். துரை செய்யாததைச் செய்தால்தான் உடையவனாகலாம் என்று அவன் எண்ணினான். அந்த மழை நாளை நாம் இருவருமே நினைவில் வைத்திருந்தோம்; நாம் அதனைக் கோபமாக வைத்திருந்தோம், அவன் அதனைப் பாடமாக வைத்திருந்தான். வயதில் மூத்தவர் நாம். அறிவில் மூத்தவன் அவன்.

கம்பளி அங்கி இன்று சிங்கப்பூரில் நம் அலமாரியில் தொங்குகின்றது. இந்நாட்டின் வெப்பத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நம் பேதைமைக்கு ஒரு சாட்சியாக இருக்கட்டுமென்று வைத்திருக்கின்றோம். தோழர்களே! தோட்டத்திலாயினும், பட்டணத்திலாயினும், நமக்கென ஒரு குடை வாங்கும் நாளில், நம் வீட்டில் வேலை செய்பவர், நம் கடையில் மூட்டை தூக்குபவர், நம் வாசலில் காவல் நிற்பவர் எதைப் பிடித்து நிற்கின்றார் என்று ஒரு கணம் எண்ணுவோமாக.